எலியம்மா சொன்ன கோசு

பூசணம் பிடித்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, ஆசையாகக் கேட்டு வாங்கிய ஒருவரை என் வாழ்நாளில் நான் பார்த்ததென்றால் அது அந்த அம்மாவைத்தான். களத்தில் மழைக்கு நனைந்து, கோணிக்குள்ளேயே புழுங்கி, பச்சையும் மஞ்சளுமாகப் பொடி படிந்துபோன மல்லாட்டை. மாட்டுக்குக்கூட வைக்கமாட்டார்கள், எருக்குழியில் கொட்டுவார்கள். அதை அவர் தகர டப்பாவில் வாங்கிப்போட்டு, மூடியை அழுத்தி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு காலை பஸ்ஸில் பாண்டிக்கு எடுத்துப்போவார். இன்னொரு கையில் ஒரு துணிப்பை. அதில் சந்தையில் பொறுக்கிய முட்டைக்கோசின் வெளி இலைகளும் முள்ளங்கித் தழையும் இருக்கும்.

இரண்டும் எலிகளுக்கு. பாண்டியில் ஒரு கல்லூரியில் வெள்ளை எலிகளை வளர்த்து அவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அதனால் ஊருக்குள் அவருக்கு எலியம்மா என்று பெயர். எதிரில் நின்று பேசும்போது டீச்சரம்மா என்பார்கள். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை, அதனால் நானும் எழுதவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. பாகூரைச் சுற்றியிருந்த கிராமங்களுக்கு நான் அரசாங்க நர்ஸ். என் வீட்டுக்காரருக்கு நெய்வேலியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து, ஒரு பாதியை எனக்கும் மறுபாதியை எலியம்மாவுக்கும் வாடகைக்கு விட்டிருந்தார்கள். அந்தச் சுவர் கூரைவரை எழும்பவில்லை. அவர் வீட்டில் கரண்டி விழுந்தால் எனக்குக் கேட்கும். ஆனால் கரண்டி விழும் சத்தத்தைத் தவிர வேறெதுவும் அந்தப் பக்கத்திலிருந்து வராது. நாற்பதைத் தாண்டிய பெண், தனியாள். ஒரு தட்டு கழுவுகிற சத்தம், ஒரு டம்ளர் வைக்கிற சத்தம், அதன்பிறகு விளக்கணைக்கிற சத்தம். ரேடியோகூட வைத்திருக்கவில்லை.

தீபாவளியன்றும் வேலைக்குப் போவார்.

"இன்னிக்குமா?" என்று கேட்டேன் ஒருமுறை.

"எலிக்கு தீபாவளி தெரியாதே, சிஸ்டர். பசிக்குமில்ல?" என்று சொல்லிவிட்டு, வெடிச் சத்தத்துக்குக் காதைப் பொத்தியபடி காலிப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. தனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி ஒரு வார்த்தை சொல்லமாட்டார். படித்தவர் என்பதால் ஆரம்பத்தில் ஊரார் ஏதேதோ கேட்டுக்கொண்டு போனார்கள். முருங்கைக்கீரை ரத்தத்துக்கு நல்லதுதானே என்று கேட்டால், "இருக்கலாம்" என்பார். மழை வருமா? "தெரியாது." பையன் பாஸாவானா? "தெரியாது." இதெல்லாம் எல்லாரும் ஒரு பேச்சுக்குக் கேட்கிற கேள்வி, ஒரு பேச்சுக்குச் சொல்கிற பதில். அந்த அம்மாவுக்கு அது வரவில்லை.

வீட்டுச் சொந்தக்காரர் மகளுக்கு வளைகாப்பு நடந்தது. எலியம்மாவையும் கூப்பிட்டிருந்தார்கள். எலி நாற்றம் வருமென்று பயந்தோ என்னவோ, பெண்கள் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தார்கள். வளையல் போட அவர் முறை வந்தது. யாரோ ஒரு கிழவி, "டீச்சரம்மா, நல்லபடியா பொறக்கும்னு ஒரு வார்த்த சொல்லும்மா" என்றாள். இவர் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தபடி வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்தார். உதடு அசைந்தது. கடைசியில் ஒன்றும் சொல்லாமல் வளையலை மாட்டிவிட்டு எழுந்துவிட்டார். அப்புறம் அவரை எந்த விசேஷத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் என் வாசலில் வந்து நின்றார். "சொல்லணும்னுதான் இருந்துச்சு சிஸ்டர். ஆனா அது எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. உள்ளே வந்து காபி குடியுங்கள் என்றேன். வேண்டாம் என்று போய்விட்டார்.

தெரிந்ததை மட்டும் ஆணியடித்த மாதிரி சொல்வார். ஒருநாள் வாசலில் உட்கார்ந்து வறுத்த மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டிருந்தேன். சுருங்கிக் கறுத்த பருப்பு ஒன்று வந்தது. வாயில் போடப்போன என் கையைப் பிடித்து அதைத் தட்டிவிட்டார். "இது ஈரலைக் கெடுக்கும். இது எனக்குத் தெரியும். பூசணம் புடிச்சதை வறுத்தாலும் விஷம் போகாது." அவர் அவ்வளவு வேகமாக எதையும் செய்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

குருவிநத்தத்திலிருந்து அஞ்சலை என்கிற கூலிக்காரப் பெண் வருவாள். பூசண மல்லாட்டையை எலியம்மாவுக்குப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுப்பது அவள்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். வாய் ஓயாமல் பேசுகிறவள், கன்னத்தில் எந்நேரமும் புகையிலை அடக்கியிருப்பாள். கோணியை இறக்கி வைப்பாள், எலியம்மா டப்பாவில் வாங்கிக்கொள்வார், அவள் போய்விடுவாள்.

ஐப்பசி மாதத்தில் ஒருநாள் பிரசவம் பார்த்துவிட்டுத் தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. எலியம்மாவின் குரல். எனக்கு நம்பமுடியவில்லை. நிறுத்தாமல், மூச்சுவிடாமல், சின்னப் பிள்ளை மாதிரி பேசிக்கொண்டிருந்தார். நடுநடுவே யாரோ 'உம்' கொட்டினார்கள். நான் தலை துவட்டி, அடுப்பு மூட்டி, சோறு வடிக்கிறவரையில் பேச்சு ஓயவில்லை. மழை விட்டபிறகும் ஓயவில்லை. பாவம், யாரோ ஒருத்தி கிடைத்திருக்கிறாளே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அன்றைக்கு வந்தவள் அஞ்சலை. மழைக்கு ஒதுங்கி உள்ளே உட்கார்ந்தவள், "இன்னாத்துக்கும்மா இந்தக் கர்மத்த எலிக்குப் போடற? கோசும் போடறியே, அது இன்னாத்துக்கு?" என்று கேட்டிருக்கிறாள். அத்தனை வருஷத்தில் அவருடைய வேலையைப் பற்றி உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டுமென்று கேட்ட முதல் ஆள் அவள். என்ன பேசினார்கள் என்பதைப் பிறகு இருவர் வாயாலும் கேட்டேன். இருவரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

"இந்தப் பூசணத்துல ஒரு விஷம் இருக்கு அஞ்சலை. எலி தின்னா ஈரல்ல புத்து வரும். ஆனா ஈரல் சும்மா இருக்காது. அங்க ரெண்டு வேலைக்காரங்க இருக்காங்கன்னு வச்சுக்கோ. ஒருத்தன் வந்த விஷத்தைப் பிரிச்சுப் போடுவான். இன்னொருத்தன் அதை மூட்டை கட்டி மூத்திரத்துல வெளிய தள்ளுவான். மொதல் ஆள் பிரிச்சுப் போட்டுட்டு, ரெண்டாவது ஆள் தூங்கிட்டா ஆபத்து. பிரிச்ச விஷம் பிரிக்காததைவிட மோசம். கோசு, முள்ளங்கி இதெல்லாம் குடுத்தா அந்த ஆளுங்க சுறுசுறுப்பாகறாங்க. மூட்டை கட்டறவன் நல்லா வேலை செய்யறான். விஷத்துக்கு முன்னாடியே கோசு தின்ன எலிக்குப் புத்து கொறைவா வருது."

"கோசு தின்னா புத்து கொறையுதா?"

"எலிக்கு. விஷம் உள்ள போறதுக்கு முன்னாடியே குடுத்தா."

"மனுசனுக்கு?"

"தெரியாது."

அஞ்சலை ஒன்றைச் சொல்லவில்லை. அவள் புருஷன் கோவிந்தனுக்கு வாயில் புற்று. இடது கன்னத்தில் ஆறாத புண். அதைப் பார்த்து, பாண்டி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதே நான்தான். அங்கே கரண்டு வைக்க, அதாவது கதிர்வீச்சு கொடுக்க, ஆரம்பித்திருந்தார்கள். ஊரில் யாருக்கும் தெரியக்கூடாது என்று அவன் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான். ஒட்டிக்கொள்ளும் நோய் என்று நினைத்து வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள் என்று பயம். அதனால் எலியம்மாவிடம் அவள் வாய் திறக்கவில்லை. கேட்டதை மட்டும் மடியில் முடிந்துகொண்டு போனாள்.

கார்த்திகையில், கோவிந்தன் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை என்று எனக்குச் சொல்லியனுப்பினார்கள். குருவிநத்தம் போனேன். குடிசை வாசலில் அஞ்சலை அம்மியில் கோசு அரைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சொம்பில் பச்சைச் சாறு.

"ஏன் வரல?"

"கரண்டு வச்சதுலேர்ந்து இந்த ஆளு பச்சத் தண்ணி எறங்காம கெடந்தாரு, நர்சம்மா. கழுத்தெல்லாம் தீஞ்சி கறுத்துப்பூடுச்சி. அத்த நிறுத்திட்டுக் கோசு சாறு குடுக்கறேன். இப்ப பாரு, கஞ்சி குடிக்கறாரு. பேசறாரு. எலியம்மா சொன்ன கோசு."

கோவிந்தன் உள்ளேயிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். கரண்டு நின்றதால் தொண்டைப் புண் ஆறுகிறது, அவ்வளவுதான். உள்ளே இருப்பது அப்படியேதான் இருக்கிறது என்று படித்துப் படித்துச் சொன்னேன். கண்ணுக்கு முன்னால் கஞ்சி குடிக்கிறவனை வைத்துக்கொண்டு அவள் என் பேச்சை எப்படிக் கேட்பாள்?

அது சனிக்கிழமை. எலியம்மா மத்தியானமே வீட்டுக்கு வந்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னபோது சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு, கையைக் கழுவி, செருப்பை மாட்டினார். வெயிலில் இருவரும் வாய்க்கால் கரையோடு நடந்தோம். போகும்போது அவர் ஒரே ஒரு வார்த்தை பேசினார்.

"முன்னாடியே குடுத்தாத்தான்னு சொன்னேனே, சிஸ்டர்."

குடிசைக்குள் அவர் கோவிந்தனுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். அஞ்சலை வாசலில் நின்றாள். தான் சொன்னது எலியைப் பற்றி, அதுவும் நோய் வருவதற்கு முன்னால் கொடுப்பதைப் பற்றி என்று மெதுவாக எடுத்துச் சொன்னார். கோவிந்தன் கடைசிவரை பொறுமையாகக் கேட்டான்.

"அப்போ எனக்கு இது ஒதவாதா டீச்சரம்மா?"

எலியம்மா சொம்பிலிருந்த பச்சைச் சாற்றைப் பார்த்தார்.

"நோய் வந்தப்புறம் குடுத்தா என்ன ஆகும்னு... தெரியாது."

"தெரியாதுன்னா, ஒதவினாலும் ஒதவும். அப்படித்தான?"

நான் அவர் முதுகில் கைவைத்து அழுத்தினேன். "ஒதவாதுன்னு சொல்லுங்கம்மா" என்று காதோரம் சொன்னேன். ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்காக நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

"கரண்டு ஒதவும். அது தெரியும். அதை விடாதீங்க" என்றார்.

"கரண்டு வச்சும் செத்தவங்க கீறாங்கல்ல?"

"இருக்காங்க."

கோவிந்தன் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். "பாத்தியா? பொய்யே வராது இவங்க வாயில. ஒதவாதுன்னு சொன்னாங்களா? சொல்லலியே. கோசு சாத்த எடு" என்றான்.

திரும்பி வரும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஒரு பொய் சொன்னா என்னம்மா ஆயிடும்?" என்று கத்தினேன். அவர் வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டார். "ஒதவாதுன்னும் எனக்குத் தெரியாதே, சிஸ்டர்" என்றார். கரும்பு வெட்டுகிற ஆட்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எலிகளுக்குத் தீனி வைத்துவிட்டு வந்து நேராகக் குருவிநத்தம் போவார். நான் கூட்டிப்போகிறேன், நானே கூட இருக்கிறேன், கரண்டு வைக்கும்போது வெளியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று கெஞ்சுவார். கோவிந்தன் மரியாதையாகக் கேட்டுக்கொள்வான். பொங்கல் கழிந்து கன்னம் வீங்கி வலி தாங்கமுடியாமல் போனபிறகுதான் பஸ்ஸில் ஏறினான். எலியம்மா அவனைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று டாக்டர் சத்தம் போட்டார். மாசியில் கோவிந்தன் போய்விட்டான்.

சாவுக்கு அவரும் வந்தார். பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் தனியாக நின்றார். அஞ்சலை அவரைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவர் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார் என்று நினைக்கிறேன். அவளோ, "உன் கோச தின்னுட்டு சிரிச்சிக்கினு இருந்தாரே... நெறஞ்ச மனசோட போனாரே எலியம்மா..." என்று மார்பில் முகத்தைப் புதைத்து அழுதாள். முகத்துக்கு நேராக யாரும் அவரை எலியம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் கை இரண்டும் எங்கே போவதென்று தெரியாமல் அந்தரத்தில் நின்றன.

சில நாள் கழித்து அந்த டாக்டரைப் பார்க்கப் போனோம். "நடுவுல நிறுத்தாம இருந்திருந்தா பிழைச்சிருப்பாரா?" என்று எலியம்மா கேட்டார். டாக்டர் வயசானவர், நல்ல மனுஷர். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "வரும்போதே முத்திப்போயிருந்தது. பிழைச்சிருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம். தெரியாதும்மா" என்றார். எலியம்மா தலையசைத்தார். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது எங்கள் பஸ் வந்து, நின்று, போனது. அவர் ஏறவில்லை. நானும் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில் வந்தோம்.

அஞ்சலை சாவு வீட்டில் வைத்த ஒப்பாரி ஊரெல்லாம் பரவியிருந்தது. பாகூர் சந்தையில் காய்கறிக்காரன் ஒருவன் கோசை அடுக்கிவைத்து, "எலியம்மா கோசு! புத்துக்கு மருந்து!" என்று கூவ ஆரம்பித்தான். எலியம்மா அவனிடம் போய், அப்படிச் சொல்லக்கூடாது என்றார்.

"உன் பேரு தாம்மா பரவுது. உனக்கு இன்னா நட்டம்?" என்றான் அவன்.

அவர் நகரவில்லை. கூடைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். கோசு வாங்க வந்த ஒவ்வொருவரிடமும், "குழம்புக்கு வாங்குங்க. நோய்க்கு வாங்காதீங்க. நோய்னா ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். வெயில் ஏறியது. பிள்ளைகள் சுற்றி நின்று சிரித்தார்கள். யாரோ ஒரு பெண், பைத்தியம் பிடித்துவிட்டது போல என்றாள். கடைசியில் அந்தக் காய்கறிக்காரனே, "எம்மா, நான் கூவல. தயவுசெஞ்சி வூட்டுக்குப் போ" என்று கையெடுத்துக் கும்பிட்டான். நான் போய்த்தான் அவரைக் கூட்டி வந்தேன். வீட்டில் தண்ணீர் கொடுத்தேன், ஒரே மூச்சில் குடித்தார்.

சந்தையில் கூவலை நிறுத்தலாம், வீடு தேடி வருகிறவர்களை நிறுத்தமுடியாது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். தொண்டையில் துணி சுற்றிக்கொண்டு ஒருவர், மார்பில் கட்டியை மறைத்துக்கொண்டு ஒரு பெண். கோசு எப்படிக் கொடுக்கவேண்டும், அரைத்தா, வேகவைத்தா என்று கேட்டார்கள். அவர் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. "நாளைக்குக் காலையில வாங்க, நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்பார். பாதிப் பேர் திட்டிவிட்டுப் போனார்கள். கல்நெஞ்சுக்காரி, தெரிந்த மருந்தை ஒளிக்கிறாள் என்று பேச்சு. மீதிப் பேரை அந்தக் காலை பஸ்ஸில் அவரே கூட்டிப்போய், சீட்டு வாங்கிக்கொடுத்து, டாக்டர் அறை வாசலில் உட்காரவைத்துவிட்டு எலிகளிடம் போவார். பஸ்ஸில் அவர் பக்கத்தில் எப்போதும் ஒரு நோயாளி இருந்தார். பேச்சு மட்டும் இருக்காது.

அந்த மழை நாளுக்குப் பிறகு அவர் யாரிடமும் தன் வேலையைப் பற்றிப் பேசியதில்லை. என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னார். கோவிந்தன் கேட்டதைத்தான் இப்போது எலிகளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். நோய்க்கான விஷத்தை முதலில் கொடுத்துவிட்டு, அப்புறம் கோசு.

"என்ன ஆச்சு?"

"சில கூண்டுல கொறையுது. சில கூண்டுல கூடுது சிஸ்டர். எழுப்பிவிட்ட வேலைக்காரன் எந்தப் பக்கம் வேலை செய்வான்னு சொல்லமுடியல."

"அப்போ அவருக்கு?"

அவர் உள்ளே போய்விட்டார். ஒரு தட்டு கழுவுகிற சத்தம் கேட்டது.

மறுவருஷம் அஞ்சலை வந்தாள். நேராக எலியம்மா வீட்டுக்குள் போய், அவருக்கு முன்னால் நின்று வாயைத் திறந்தாள். "சிஸ்டர்!" என்று அவர் போட்ட சத்தத்தில் நான் ஓடினேன். வலது கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு திட்டு, அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு புண். புகையிலை அடக்குகிற இடம். கோவிந்தன் போனபிறகு அவள் புகையிலை கூடித்தான் போயிருந்தது.

காலையில் மூவரும் போனோம். பஸ்ஸில் வாய் ஓயாமல் வந்தவள், ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் வியர்வை.

"நான் வரல. இங்கதான் அவர வாட்டி எடுத்தாங்க. நான் கோசே தின்னுட்டுச் சாவறேன்."

"அஞ்சலை, இது சின்னதா இருக்கு. சீக்கிரம் வந்திருக்க" என்றேன் நான்.

"நீ சொல்லாத நர்சம்மா. நீ எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவ. அவங்க சொல்லட்டும்." எலியம்மாவின் கையைப் பிடித்தாள். "நல்லாயிடும்னு சொல்லு. நீ சொன்னா வர்றேன். தெரியாதுன்னியானா இப்பவே பஸ் ஏறிடுவேன்."

ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். ஒரு ரிக்‌ஷாக்காரர் வழிவிடச் சொல்லி மணியடித்தார். எலியம்மா அஞ்சலையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். என்னுடைய பொறுமை போய்விட்டது. இனி நான்தான் இவளை இழுத்துப்போகவேண்டும் என்று அவள் தோளைத் தொட்டேன்.

"நல்லாயிடும்" என்றார் எலியம்மா.

"நெசமா?"

"நெசமா."

"உனக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியும் அஞ்சலை. நல்லாயிடும். வா."

அஞ்சலை கம்பியை விட்டாள். இடுப்பிலிருந்த புகையிலைப் பொட்டலத்தை எடுத்து எறிந்துவிட்டு அவர் பின்னாலேயே போனாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவளை உள்ளே அழைத்துப்போனபிறகு நாங்கள் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் என் கையை எலியம்மாவின் கைமேல் வைத்தேன். குளிர்ந்து கிடந்தது.

"நான் என்ன சொன்னேன் பாத்தீங்களா?" என்றார்.

"சொல்லவேண்டியதைச் சொன்னீங்க."

"நல்லாகலன்னா?"

அன்று அவர் எலிகளிடம் போகவில்லை. சாயங்காலம்வரை அந்த பெஞ்சிலேயே இருந்தார்.

அஞ்சலைக்குக் கன்னத்தில் வெட்டி எடுத்துத் தைத்தார்கள். வாய் ஒரு பக்கமாகக் கோணிப்போனது. புகையிலையை விட்டாள். நடுநடுவே வந்து காட்டவேண்டும், ஐந்து வருஷம் திரும்ப வராமல் இருந்தால்தான் தப்பித்தாள் என்று சொல்லமுடியும் என்றார் டாக்டர். ஒவ்வொரு முறை அவள் காட்டிவிட்டு வரும்போதும் எலியம்மா வாசலில் நின்றிருப்பார். "பரவால்லன்னாங்க" என்று அவள் கோணல் வாயால் சொல்வாள். அவர் அதைக் கேட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

இரண்டாவது வருஷம் அவருக்கு வடக்கே எங்கேயோ வேலை கிடைத்தது. இங்கே எலிகளின் வேலை முடிந்துவிட்டது என்றார். ஒரு பெட்டி, ஒரு படுக்கை. பஸ் நிறுத்தம்வரை நான் மட்டும்தான் கூடப் போனேன். அன்றைக்கு அஞ்சலை கரும்பு வெட்டப் போயிருந்தாள்.

"அஞ்சலையைப் பாத்துக்கங்க, சிஸ்டர்."

"அதான் நல்லாயிருக்காளே."

"இன்னும் சொல்லமுடியாது" என்றார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பக்கத்து இடம் காலியாக இருந்தது. போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன் என்று சொல்லவில்லை. எழுதுவோமா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அப்புறம் ஒருநாள் அஞ்சலை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடும் மல்லிகைப்பூவோடும் என் வீட்டுக்கு வந்தாள். ஐந்து வருஷம் முடிந்துவிட்டதாம், இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். எலியம்மாவிடம் சொல்லவேண்டும், எங்கே இருக்கிறார் என்று கேட்டாள். அந்தக் கல்லூரியில் விசாரிக்கலாம் என்று இருவரும் பாண்டிக்குப் போனோம். அங்கே எல்லாம் புதிய ஆட்கள். ஒரு பழைய பியூனுக்கு மட்டும் அவரை நினைவிருந்தது. முதலில் போன இடத்திலும் அவர் இல்லை, வேறெங்கோ போய்விட்டார், விலாசம் யாரிடமும் இல்லை என்றார்.

பழத்தை அந்த பியூனிடமே கொடுத்துவிட்டு, பஸ்ஸில் வந்து உட்கார்ந்தோம். அரியாங்குப்பம் தாண்டியது. அஞ்சலை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டாள்:

"நான் நல்லாயிட்டனான்னு அவங்க இன்னும் தெரியாதுன்னுதான நெனச்சிக்கினு இருப்பாங்க, நர்சம்மா?"